குவாரி ஓரத்து ஆறாவது குழி

துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பல வருடம் புல் பராமரித்துவிட்டு ஊர் திரும்பிய என் தம்பி, அரியலூருக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு இருந்த கரட்டு நிலத்தில் ஒன்பது குழிகள் கொண்ட மைதானம் அமைத்தான். யார் வேண்டுமானாலும் வந்து ஆடலாம் என்று பலகை வைத்தான். சிமெண்ட் ஆலை ஊழியர்கள் வந்தார்கள். பெரம்பலூரிலிருந்து கல்லூரி ஆசிரியர்கள் வந்தார்கள். பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்த நானும் ஞாயிறுதோறும் போய்க் கற்றுக்கொண்டேன்.

ஆறாவது குழிதான் எனக்குப் பிடிக்கவில்லை. கைவிட்ட சுண்ணாம்புக்கல் குவாரியின் ஓரத்தில் இருந்தது அது. கொடி நட்ட புல்தரை பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். கொஞ்சம் வேகமாகத் தட்டினால் பந்து உருண்டு, விளிம்பிலிருந்த கருவேலஞ்செடிகளுக்குள் போய் நிற்கும்.

"புதுசா ஆடுறவங்க பந்தை எடுக்க ஓரத்துக்குப் போறாங்கடா. கொடிய இந்தப் பக்கம் தள்ளி நடு" என்றேன்.

"அந்தப் பயந்தான்க்கா அந்தக் குழிக்கே அழகு. போன பந்து போவட்டும்னு விட்டுடணும். போர்டுல எழுதியிருக்கேன்ல?"

"யாருடா விடுறாங்க?"

அவன் மட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடந்தான்.

மழை விட்ட ஒரு ஞாயிறு காலை, தம்பி மனைவியும் எங்களோடு ஆட வந்தாள். அன்றுதான் முதன்முதலாக மட்டை பிடித்தாள். ஆறாவது குழியில் அவள் தட்டிய பந்து கொடியைத் தாண்டி ஓடியது.

"இதோ தெரியுது அண்ணி, எடுத்துட்டு வந்துடறேன்."

"போவாத!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் அவள் காலடியில் மண் சரிந்தது. இடுப்புவரை இறங்கிவிட்டாள். இரண்டு கையாலும் ஒரு கருவேலஞ்செடியைப் பிடித்திருந்தாள். கற்கள் கீழே குவாரியில் தேங்கியிருந்த தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

ஓடப் பார்த்த தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "நீ போனா மண்ணு மொத்தமா வந்துடும். படு!"

கொடிக்கம்பு அவனே செய்த இரும்புக் குழாய். அதைப் பிடுங்கி, குப்புறப் படுத்து அவள் பக்கம் நீட்டினான். அவன் கால்களை நான் பிடித்துக்கொண்டேன்.

"செடிய விட்டுட்டு இதப் புடி."

"முடியலங்க. விட்டா போயிடுவேன்."

"ஒரு கைய மட்டும் விடும்மா. என்னயப் பாரு, கீழ பாக்காத" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். செடி வேரோடு அசைந்தது. சட்டென்று ஒரு கையை விட்டுக் கம்பைப் பற்றினாள். பிறகு மற்றொரு கையையும். நாங்கள் இழுத்தோம்.

புல்மீது உட்கார்ந்து தம்பி அவள் உள்ளங்கையிலிருந்து முள் எடுக்கப் பார்த்தான். ஒரு முள்ளைக்கூட அவனால் பிடிக்க முடியவில்லை. நான்தான் எடுத்தேன்.

மறுநாளே அந்தக் குழியை மூடினான். விளிம்பு நெடுக வேலி போட்டு, கொடியை வெகுதூரம் தள்ளிச் சமதரையில் நட்டான். இப்போது அங்கே எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டே ஆடுகிறார்கள்.

"சப்புன்னு ஆயிடுச்சுக்கா" என்கிறான் சில நாள். நான் மறுத்துப் பேசுவதில்லை. பழைய இடத்திலிருந்து பார்த்தால் வெள்ளைப் பாறைக்கு நடுவே அந்தத் தண்ணீர் அவ்வளவு நீலமாக இருக்கும்.

அவன் மனைவி அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கமே வரவில்லை.