ஒரு வென்ட் மூடினால் தாங்கும்

1. உரப்பை

"தம்பி, மெசினுக்கை ஐஸ் கட்டியிருக்குப் போல. சீலிங்கால தண்ணி சொட்டுது. கெதியா வாரும். மனுசி வெக்கையிலை கிடந்து அந்தரப்படுறா."

கண்டாவளைப் பக்கத்திலிருந்து வைத்திலிங்கம் அண்ணை போனில் இப்படிச் சொன்னபோது நான் அம்மன் கோயிலில் நின்றேன். வெள்ளிக்கிழமை, பூசை முடியவில்லை. விபூதியைப் பூசிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அம்மாள் குறை நினைக்கமாட்டா.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஏ.சி. வேலையைக் கட்டாரில் பழகி, ஊருக்குத் திரும்பிக் கிளிநொச்சியில் ஒரு சின்னக் கடை போட்டேன். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் சுவரில் பூட்டுகிற ஸ்பிளிட் மெசின்தான். அண்ணையின் வீடு அப்படியில்லை. கனடாவில் இருக்கும் மகள் சுகந்தி, அங்கத்தைய வீடுகள்போல டக்ட் போட்டுக் கட்டுவித்த வீடு. சீலிங்குக்கு மேலே ஒரு பெரிய மெசின் இருக்கும். அதிலிருந்து தகரக் குழாய் ஒவ்வோர் அறைக்கும் போகும். அறைக்கு ஒரு வென்ட், அதாவது குளிர்காற்று வந்து விழுகிற வாய். மொத்தம் ஆறு.

அந்த வீட்டில் இருந்தது இரண்டு பேர்தான். அண்ணையின் மனைவி இராசம்மா அக்காவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. படுத்த படுக்கை. முதுகில் புண். வியர்வை பட்டால் அது ஆறாது, அறையைக் குளிராக வைத்திருங்கோ என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். வெளியே சோளகக் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. வயல் எல்லாம் வெடித்துக் கிடந்தது.

நான் போய் அண்ணாந்து பார்த்தேன். அக்காவின் அறையைத் தவிர மற்ற ஐந்து வென்ட்டும் மூடிக் கிடந்தன. கைபிடியைத் திருப்பி மூடியது போதாதென்று, யூரியாப் பையை வெட்டி டேப்பும் ஒட்டியிருந்தார்.

"ஆரண்ணை இந்த வேலை பாத்தது?"

"நான்தான். நான் காலம் முழுக்க வாய்க்காலிலை தண்ணி கட்டினவன் தம்பி. கடைசி வயலுக்குத் தண்ணி காணாட்டி என்ன செய்வம்? மற்ற மடையளை அடைப்பம். தண்ணி எல்லாம் அங்கை போகும். இதுவும் அப்பிடித்தானே?"

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. வாய் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கதை தெளிவு. "அவருக்கு வீடும் வயல்தான் தம்பி. விட்டா என்னைச் சுத்தியும் வரம்பு கட்டுவார்."

"நீர் சும்மா கிடவும். உமக்காகத்தான் செய்தனான்" என்றார் அண்ணை.

நான் மெசினை நிற்பாட்டி, மூடியைக் கழற்றிக் காட்டினேன். காற்றைக் குளிராக்குகிற குழாய்ச் சுருள், கொயில், முழுவதும் வெள்ளை வெளேரென்று ஐஸ்.

"அண்ணை, எல்லா மடையையும் அடைச்சா வாய்க்காலுக்கு என்ன நடக்கும்?"

"வரம்பை உடைக்கும்."

"இதிலை உடையிற இடம் இதுதான். இந்த ஃபான் ஆறு அறைக்குக் காத்துத் தள்ளுறதுக்கெண்டு செய்தது. ஒரு வாயாலை அவ்வளவும் போகாது. காத்து ஓடாட்டி கொயில் அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்து ஐஸ் கட்டும். ஐஸ் கட்டினா, போற காத்தும் போகாது. இப்பிடியே ஓடினா கொம்பிரசர் அடிபடும். அது கொழும்பிலையிருந்துதான் வரவேணும். வருமட்டும் அக்கான்ரை புண் தாங்குமே?"

அண்ணை அறை அறையாகப் போனார். கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, தன் கையாலேயே யூரியாப் பைகளைக் கிழித்தார். நான்கு கிழித்தபிறகு இறங்கிவிட்டார்.

2. விளக்கு

மிச்சம் இருந்தது சாமி அறை. கொழும்பிலே பிளான் கீறினவர் அதைச் சாமான் அறை என்று நினைத்து நடுவிலே ஒரு வென்ட் வைத்துவிட்டார். நான் அங்கே போகவும் அக்கா கூப்பிட்டா.

"தம்பி, அதை மட்டும் திறவாதையப்பு. காத்துக்கு விளக்கு நூந்து அணைஞ்சுபோம்."

அதை ஏன் அடைத்தது என்று எனக்கு விளங்கிவிட்டது. எட்டிப் பார்த்தேன். அம்மாள் படத்துக்கு முன்னால் ஒரு சின்ன விளக்கு. பக்கத்தில் மூத்த மகன் நந்தனின் படம். படத்துக்கு மாலை போடவில்லை. சண்டை முடிகிற நேரம், சனத்தோடு சனமாகப் போகும்போது பிரிந்தவன். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவன் வந்து படியேறுமட்டும் விளக்கு நூராது என்று அக்கா நேர்ந்திருந்தா. முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள்ளும் மீன் அடைத்த ஒரு தகர ரின் மூடியில் எண்ணெய் விட்டு எரித்ததாக அண்ணை சொன்னார். அவ படுக்கையில் விழுந்தபிறகு எண்ணெய் விடுகிறது அவர்தான். திரியை அக்காவுக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் போடவேண்டும்.

நான் வென்ட்டின் தகட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். அறை சின்னது, காற்று சுழன்று வந்து சுடரை ஆட்டியது. உடனே மூடிவிட்டு அக்காவிடம் வந்தேன்.

"அக்கா, சுத்திவர ஒரு கண்ணாடி வைப்பமே? காத்துப் படாது."

அவ நல்ல கையை ஆட்டி மறுத்தா.

"அவனை எங்கையோ அடைச்சு வச்சிருக்கிறாங்கள் எண்டு நினைச்சுக்கொண்டுதான் தம்பி நான் உயிரோடை கிடக்கிறன். விளக்கையும் அடைக்கச் சொல்லாதை."

நான் மெசினில் ஐஸை முழுக்கக் கரையவிட்டு, ஃபில்டர் கழுவி, திரும்பப் போட்டு, காற்று போகிற அளவைப் பார்த்தேன். பிறகு அண்ணையிடம் சொன்னேன்: "ஆறிலை ஒண்டை மூடினா மெசின் தாங்கும். சாமி அறை அப்பிடியே இருக்கட்டும். மற்றது ஒண்டையும் தொடாதையுங்கோ."

போகும்போது அக்காவின் அறையில் நல்ல குளிர். அவ நித்திரையாகியிருந்தா.

3. திரும்பத் தண்ணி சொட்டின நாள்

மழை தொடங்கமுதல் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டா. புண் காரணமில்லை, அது காய்ந்துகொண்டு வந்தது. இரண்டாம் முறையும் பாரிசவாதம் அடித்தது. செத்தவீட்டுக்குப் போனேன். அண்ணை அழவில்லை. சாமி அறைக்கும் வெளிவாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில நாளில் சுகந்தி போன் எடுத்தா. கனடாவிலிருந்து பிள்ளைகளோடு வந்து நின்றவ.

"அங்கிள், முன் ஹோலுக்கை தண்ணி சொட்டுது. ஒருக்கா வாறீங்களோ?"

போய்ப் பார்த்தால் பழைய கதை. கொயிலில் ஐஸ். அறை அறையாகப் பார்த்துக்கொண்டு போனேன். அக்காவின் அறை வென்ட்டில் யூரியாப் பை. டேப் புதிது.

சுகந்தி தகப்பனைப் பார்த்தா. "அப்பா, ஏன் இதை மூடினனீங்கள்?"

"அங்கை இனி ஆருக்குக் குளிர்?"

அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"ஒண்டை மூடினா தாங்குமெண்டு சொன்னனீர். ரெண்டு தாங்காதே?"

தாங்கும் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் பிள்ளைகள் கதவையும் பூட்டிக்கொண்டு படுப்பதால் அறைகளிலிருந்து மெசினுக்குத் திரும்பி வருகிற காற்றும் குறைவு. ஐஸ் கண்ணுக்கு முன்னாலே இருந்தது.

"ஏலாதண்ணை. ஒண்டைத் திறக்கத்தான் வேணும்."

சுகந்தி மெல்லச் சொன்னா: "அப்ப சாமி அறையைத் திறப்பம் அப்பா. கரண்ட் விளக்கு ஒண்டு வைப்பம். அது நூராது." அவ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கண் கலங்கித்தான் சொன்னா.

அண்ணை கதிரையைத் தூக்கிக்கொண்டு அக்காவின் அறைக்குள் போனார். அதிலே ஏறினார். நான் கதிரையைப் பிடிக்கப் போனேன், வேண்டாமென்று தலையாட்டினார். டேப்பை ஓரம் ஓரமாக உரித்து, பையை எடுத்து, கைபிடியைத் திருப்பினார்.

"இஞ்சை போகட்டும்."

"இஞ்சை ஆரப்பா இருக்கினம்?"

"ஒருத்தருமில்லைப் பிள்ளை. விளக்கைப் பாத்துக்கொள்ளுறன் எண்டு கொம்மாவுக்குச் சொல்லிப்போட்டன்."

ஐஸ் கரைந்தபிறகு மெசினைப் போட்டேன். வெறுங்கட்டிலில் மடித்து வைத்திருந்த பெட்சீற்றின் நுனி மெல்ல ஆடியது. அண்ணை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அறைக் கதவைப் பூட்டாமல், காற்றுத் திரும்பிப் போகட்டும் என்று கொஞ்சம் நீக்கலாக விட்டுவிட்டு வெளியே வந்தார். அதையும் நான்தான் முன்பு ஒருநாள் சொல்லிக்கொடுத்தது.

ஏ.சி. வேலை பழகுகிற தம்பிமாரே, வென்ட்டை மூடினால் குளிர் அதிகமாகாது, கரண்டும் மிஞ்சாது, மெசின்தான் பழுதாகும். இதைச் சனத்துக்கு விளங்கப்படுத்துங்கோ. ஆனால் மூடிக் கிடக்கிற வென்ட்டைக் கண்டவுடன் ஏணியை வைத்துத் திறந்துவிடாதையுங்கோ. ஆர் மூடினது, ஏன் மூடினது என்று முதலில் வீட்டுக்காரரைக் கேளுங்கோ. கேட்டால் சொல்லுவினம்.

சுகந்தி திரும்பிப் போய்விட்டா. நான் இன்றைக்கும் சேர்விசுக்குப் போகிறேன். அக்காவின் அறை குளிர்ந்துபோய் இருக்கும். சாமி அறையில் விளக்கு எரியும். அம்மாளுக்கு முன்னால் ஒருதரம் கும்பிட்டுவிட்டுத்தான் நான் ஏணியில் ஏறுகிறது.