கரண்ட் இல்லாத முகூர்த்தம்

சங்கரன்கோவிலில் இட்லி மாவுக் கடை திறக்க ஜோசியரிடம் நாள் குறித்தேன். மாதாந்திர மின்தடை என்றைக்கு என்று யாரிடமும் கேட்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு ரிப்பனை வெட்டினேன், கரண்டும் போனது. சாயங்காலம்தான் வருமாம். உள்ளே இருபது கிலோ அரிசியும் அதற்கான உளுந்தும் ஊறிக் கிடந்தன. சித்திரை வெயிலில் மதியத்துக்குள் நாறிவிடும். எனக்கு வடிந்த வியர்வையில் இன்னும் நாலு கிலோவை ஊறப்போட்டிருக்கலாம். செத்த கிரைண்டரின் சுவிட்சை விடாமல் தட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் தெருவே திரண்டு நின்று என் செலவில் ரோஸ்மில்க் குடித்தது. அத்தனை பேரும் விசைத்தறிக்காரர்கள்.

பக்கத்து வீட்டுத் தறிக்காரரிடம் பாய்ந்தேன். "இன்னைக்குக் கரண்ட் கிடையாதுன்னு உமக்குத் தெரியுமா வே?"

"எங்களுக்குத் தெரியாம இருக்குமா அண்ணாச்சி?"

"முன்னாடியே சொன்னா என்னவாம்?"

"சொன்னா நீரு நாள மாத்திருவீரு. தறி ஓடுத நாள்ல நாங்க எப்படி வாரது? கடை திறப்புக்கு ஆள் வேண்டாமா?"

இதில் பாசம் வேறு. திட்டக்கூட வழியில்லாமல் வயிறெரிந்து, "வீட்டுல ஆட்டுரல் இருக்கவங்க ஊறினத அள்ளிட்டுப் போங்க" என்றேன்.

அன்றைக்கு அந்தத் தெருவில் ஆட்டுரல் இல்லாத வீடே இல்லை.