பெரட்டுக் களத்தில் கூடிய பள்ளிக்கூடம்

தோட்டப் பாட்டாளிகளுக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை கிடையாது என்று யாராவது சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? தலையை ஆட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவீர்களா, இல்லை, 'உனக்கு அது எப்படித் தெரியும்?' என்று ஒரு வார்த்தை கேட்பீர்களா? வெள்ளைப்பாறைத் தோட்டத்தில் ஐந்து வருடங்களாக அந்த ஒரு வார்த்தையைக் கேட்க ஆளில்லை. கடைசியில் கேட்டவள் இருளாயி.

மலேசியாவில் காம்பார் ஊரிலிருந்து பிரிந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் ஏழு மைல் தள்ளி இருந்தது அந்த ரப்பர்த் தோட்டம். 1974இல் இருளாயிக்கு முப்பத்திரண்டு வயது. கணவன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் பாப்பா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பு படித்தாள், கணக்கில் கெட்டிக்காரி. இருளாயி பால்மரம் வெட்டுகிறவள். அவள் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தைக் காயப்படுத்தியதாக ஒருநாளும் புகார் வந்ததில்லை. அவள் நாக்குக்கு மட்டும் அந்த நிதானம் கிடையாது.

ஒருநாள் பாப்பா அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

"பள்ளிக்கூடத்த மூடப் போறாங்களாம்மா. வாத்தியாருங்க பேசிக்கிட்டாங்க."

அடுத்த பள்ளி காம்பாரில்தான் இருந்தது. காலையில் அங்கே போக பஸ் இல்லை. படிப்பை நிறுத்திய தோட்டத்துப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பது தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோருக்கும் தெரியும். புல்வெட்டுக் கும்பலுக்குப் போவார்கள். இருளாயி அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் விடியலில் மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் மங்கு என்ற கிண்ணத்தில் வடிகிற பாலில் தண்ணீர் கலந்துவிடும் என்பதால் மரம் வெட்ட மாட்டார்கள். வேலை இல்லாத அந்தக் காலையில், தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு அவள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். பக்கத்து வீட்டுக் காளியம்மாவும் கூடவே போனாள்.

தலைமையாசிரியர் பஞ்சலிங்கம் யாழ்ப்பாணத்து வழிவந்தவர். ஈப்போவில் குனோங் ராபாட்டிலிருந்து தினமும் தன் பழைய மோரிஸ் காரில் வந்து போனார். நல்ல வாத்தியார்தான், ஆனால் லயத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இருளாயி விஷயத்தைக் கேட்டதும் அவர் ஒரு கோப்பைத் திறந்தார்.

"நான் என்ன செய்யிறது, இருளாயி? பெற்றோர் ஆதரவு இல்லாத சின்னப் பள்ளிகளை மூடலாமெண்டு கல்வி அதிகாரி யோசிக்கிறார். அஞ்சு வருசத்தில பத்துக் கூட்டம் வைச்சன். தோட்டத்து ஆக்கள் ஒருத்தரும் வரேல்லை. பெற்றோருக்கு அக்கறை இல்லையெண்டுதான் எழுதி அனுப்பினன்."

"எந்நேரத்துக்கு வெச்சீங்க, சார்?"

"புதன்கிழமை காலமை பத்து மணி. எப்பவும் அதுதான்."

இருளாயி சிரித்தாள். பஞ்சலிங்கத்தின் முகம் சிவந்தது.

"சார், பத்து மணிக்கு நாங்க எங்க இருப்போம்னு நெனைச்சீங்க?"

"வீட்டிலதானே?"

"மர நெரையில, சார். மரத்தடியில. பால எறக்கி, ஸ்டோர்ல எடை போட்டுட்டு வீட்டுக்கு வர ரெண்டு மணி ஆயிரும். அப்ப உங்க கார் குனோங் ராபாட் போய்ச் சேந்துரும்!"

அவர் கோப்பை மூடி வைத்தார். ஐந்து வருடம் அந்தத் தோட்டத்தில் பாடம் நடத்தியவருக்குத் தோட்டத்தின் கடிகாரம் தெரியவில்லை. அவர் மட்டுமா தப்புச் செய்தார்? பள்ளியிலிருந்து காகிதம் வந்தபோதெல்லாம், 'பத்து மணியா? அப்ப இது ஆபீசு கிராணி வீட்டம்மாக்களுக்கு' என்று மடித்து வைத்தார்கள் லயத்து மக்கள். நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கோயில் திருவிழாக் கூட்டத்துக்கு இதே மக்கள் இருநூறு பேர் கூடினார்கள். பக்தி அதிகம், படிப்பில் ஆசை இல்லை என்று பெரிய மனிதர்கள் இதற்கு விளக்கம் சொல்வார்கள். கோயில் கூட்டம் ஞாயிறு மாலையில் நடந்தது. அவ்வளவுதான் விளக்கம்.

திரும்பி வரும் வழியில் காளியம்மா பெருமூச்சு விட்டாள்.

"எல்லாம் நம்ம தலையெழுத்து, இருளாயி."

"தலையில ஒண்ணும் எழுதல, அக்கா. காகிதத்துல புதன்கிழமைன்னு எழுதியிருக்கு. அடிச்சுட்டு வேற எழுதச் சொல்லுவோம்."

பள்ளி முடிந்த பிறகு கூட்டம் வைக்க முடியாது. மற்ற ஆசிரியர்களுக்கு ஒன்றரை மணி பஸ்ஸை விட்டால் வேறில்லை. ஞாயிற்றுக்கிழமை வாத்தியார்களோ அதிகாரியோ தோட்டத்துக்கு வரமாட்டார்கள். அப்படியானால் தோட்டம் முழுவதும் ஒரே இடத்தில் நிற்கிற நேரம் எது? விடியற்காலைப் பெரட்டு. மண்டோர் என்கிற கங்காணி பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தக் களத்துக்கு யாரும் வராமல் இருக்க முடியாது. வராதவருக்கு அன்றைக்கு வேலை கிடையாது.

"கூட்டத்த அங்க வைங்க சார்," என்று மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொன்னாள் இருளாயி. "அந்த அதிகாரியும் வரட்டும்."

அடுத்த மழை நாளில் பஞ்சலிங்கம் அவளைத் தன் காரிலேயே அதிகாரியிடம் கூட்டிப்போனார். அதிகாரி ஒரு மலாய்க்காரர். அவரை 'துவான்' என்று மரியாதையாக அழைத்து, இருளாயி தனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் பேசினாள்.

"பத்து மணிக்கு வந்தா காலி நாற்காலியத்தான் துவான் பார்ப்பீங்க. பெரட்டுக்கு வாங்க."

"காலை ஐந்தரைக்கா?"

"எங்களுக்குத் தெனமும் அதே நேரந்தான், துவான்."

அவர் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "வெள்ளிக்கிழமை வருகிறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஐந்தரை ஆயிற்று. கேஸ் விளக்கு வெளிச்சத்தில் வாளியும் கத்தியுமாக எண்பது பேர் நின்றார்கள். பஞ்சலிங்கம் கோட்டு போட்டு, வருகைப் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். அதிகாரியைக் காணவில்லை. ஐந்தே முக்கால் ஆனதும் மண்டோர் அப்பாவு புத்தகத்தை விரித்தார்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க," என்றாள் இருளாயி.

"பொறுத்தா கிராணி என் தோல உரிச்சிருவாருலா. பேரு கூப்பிட்டா இருக்கேன்னு சொல்லு. சொல்லாதவங்களுக்கு இன்னிக்கு வேலையில்ல. இருளாயி!"

அவள் வாய் திறக்கவில்லை. பேர் கூப்பிட்டு முடிந்தால் ஆட்கள் நெரைகளுக்குக் கலைந்துவிடுவார்கள். அதிகாரி வந்து வெறுங்களத்தைத்தான் பார்ப்பார். பள்ளியின் கதை அதோடு முடிந்துவிடும்.

"இருளாயி! கண்ணு முன்னாடி நிக்கிற. வாயில என்ன, கொழுக்கட்டையா?"

பதில் இல்லை.

"காளியம்மா!"

தலையெழுத்தைப் பற்றிப் பேசிய காளியம்மா குனிந்து வாளியைப் பார்த்தாள். அவளும் பதில் சொல்லவில்லை.

"பத்துமலை! உடையப்பா! என்னலா இது, தோட்டமே ஊமையாப் போச்சா?"

ஒரு நாள் கூலியைப் பணயம் வைத்து எண்பது பேரும் நின்றார்கள். அவர்களுக்குத்தான் அக்கறை இல்லை என்று ஐந்து வருடமாகக் கோப்பில் எழுதியிருந்தது!

செம்மண் சாலையில் ஜீப் விளக்கு தெரிந்தது. இறங்கிய அதிகாரி, பாதை குழம்பிவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். கூட்டத்தைப் பார்த்தார். "இவர்கள் எல்லாரும் பெற்றோரா?"

இருளாயி பஞ்சலிங்கத்திடம் திரும்பினாள். "சார், புள்ளைங்க பேரைக் கூப்பிடுங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. பதிவேட்டைப் பிரித்து ஒவ்வொரு பிள்ளையின் பெயராகக் கூப்பிட்டார். தாயோ தகப்பனோ, 'இருக்கேன்' என்று குரல் கொடுத்தார்கள். பாப்பாவின் பெயர் வந்தபோது இருளாயி போட்ட சத்தத்தில் லயத்து நாய்கள் குரைத்தன. 'ஜெயபாலன்' என்றபோது எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். பிறகு மண்டோர் தொண்டையைக் கனைத்தார்.

"இருக்கேன்லா. என் மவன்தான்."

களமே சிரித்தது. நாற்பத்தொரு பிள்ளைகள், நாற்பத்தொரு குரல்கள். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

பள்ளியை மூடவில்லை. மாதம் ஒருமுறை பெரட்டுக் களத்தில் கால் மணி நேரக் கூட்டம் நடந்தது. நாலு மணிக்கே எழவேண்டியிருக்கிறது என்று பஞ்சலிங்கம் கடைசிவரை புலம்பினார், ஆனால் வராமல் இருந்ததில்லை. மழை நாட்களில் ஆண்கள் போய்ப் பெஞ்சுகளைப் பழுது பார்த்தார்கள். பெண்கள் வகுப்பின் கடைசியில் உட்கார்ந்து தங்கள் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டார்கள். வாத்தியார்கள் அடிப்பது குறைந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம்.

1983இல் தோட்டம் கைமாறியதும் இருளாயி குனோங் ராபாட்டுக்குக் குடிவந்து ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். கணக்கில் கெட்டிக்காரியான பாப்பா ஐந்தாம் படிவம் முடித்து, நில அளவை அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். போன மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு காகிதத்தோடு வந்தது. பெற்றோர் கூட்டமாம், செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. அந்த வரிசை வீடுகளில் பாதிப்பேர் அப்போது ஆலையில் இருப்பார்கள். எண்பது வயதைத் தாண்டிய இருளாயி ஏழு பெண்களைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கூட்டம் இப்போது ஞாயிற்றுக்கிழமை.

உங்கள் பிள்ளையின் புத்தகப் பையிலும் அப்படி ஒரு காகிதம் இருக்கும். இன்றே எடுத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் உங்கள் தெருவில் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள் என்று விசாரியுங்கள். வர முடியாதவர்கள் அதிகம் என்றால் பள்ளிக்குப் போய் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.