கொட்டாவி விடும் மீன்

பஸ் டிப்போவில் அவருக்கு வைத்த பெயர் சமரசம். இருபத்தாறு வருஷமாக டூட்டி சார்ட் போடுகிறவர். எந்த டிரைவரோடு எந்த கண்டக்டரை ஏற்றினால் வண்டி சண்டையில்லாமல் திரும்பி வரும் என்பது அவருக்கு அத்துப்படி. புகை பிடிக்கிற டிரைவருக்கு மூக்கைப் பொத்துகிற கண்டக்டரைப் போட மாட்டார். வாய் ஓயாத ஆளுக்குக் காது கொஞ்சம் மந்தமான ஆளாகப் பார்த்துக் கொடுப்பார். "சமரசம் சார் சேத்து வச்ச ஜோடி கோர்ட்டுக்கே போனாலும் பிரியாது" என்று டீ குடிக்கிற இடத்தில் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார், உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும்.

அந்தப் பெருமையை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் அவர் வீட்டுக் கூடத்துக்குப் போக வேண்டும். சுவரோரம் நாலடி நீளத்தில் ஒரு கடல் மீன் தொட்டி. பன்னிரண்டு வருஷத்தில் அதில் ஒரு மீனுக்கும் துடுப்பு கிழிந்ததில்லை, ஒரு செதில் உதிர்ந்ததில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் பிள்ளையின் மார்க் ஷீட்டைக் காட்டுகிற மாதிரி இதைச் சொல்லிவிட்டுத்தான் உட்காரச் சொல்வார்.

சும்மா வந்துவிடவில்லை அந்த அமைதி. மீன் கடைக்காரர் இவர் தலையைக் கண்டாலே நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுவார், ஒரு மணி நேரத்துக்குக் குறையாது என்று தெரியும். "இது எவ்வளவு வளரும்? தன் இனத்தைக் கண்டா அடிக்குமா? பொந்து பிடிக்குமா, வெளியில படுக்குமா? சாப்பாட்டுக்கு முந்துமா பிந்துமா?" கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "சார், போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கறவங்ககூட இவ்வளவு கேக்க மாட்டாங்க."

ஆனால் அவர் கேட்டதெல்லாம் நியாயமான கேள்விகள்தான். கடல் மீன்கள் இடத்துக்காக அடித்துக்கொள்ளும். சேர்ந்து பழகிய ஜோடி தவிர, ஒரே நிறத்தில் இரண்டு கூடாது, ஒரே உருவத்தில் இரண்டு கூடாது. அடியில் கிடக்க ஒன்று, நடுவில் நீந்த ஒன்று, பாறைப் பொந்தில் குடியிருக்க ஒன்று என்று பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளதை முதலில் விட வேண்டும், துணிச்சல்காரனைக் கடைசியில். மாற்றி விட்டால் முதலில் வந்தது தொட்டி மொத்தத்தையும் தன் பெயரில் பட்டா போட்டுக்கொள்ளும்.

ஒரே ஒரு தடவைதான் வரிசை மாறியது. பழைய சின்ன மீன் ஒன்று வயதாகிச் செத்துப்போக, ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அந்த இடத்துக்குப் புதிதாக ஒன்று வாங்கினார். விரல் நீளம்கூட இல்லை. முன்பாதி வெள்ளை, வால் பக்கம் போகப் போக நெருப்பு நிறம். அவர் மனைவி அதைப் பார்த்தவுடன் குச்சி என்று பெயர் வைத்துவிட்டாள், தீக்குச்சி. அது வருவதற்கு முன்பே நடுப்பாறைப் பொந்தில் இன்னொன்று மூன்று வருஷமாகக் குடியிருந்தது. தலை ஊதா, வால் மஞ்சள், பாதியில் பெயின்ட் தீர்ந்துபோய் வேறு டப்பாவைத் திறந்த மாதிரி. அதற்குப் பெயர் ஊதா. இரண்டுமே சாதுவான இனம் என்று கடைக்காரரும் சொன்னார், இவர் படித்த புத்தகமும் சொன்னது.

குச்சி வந்த நாளிலிருந்து ஊதா அடிக்கடி வாயை அகலமாகத் திறந்து மூடியது. "பாரேன், கொட்டாவி விடுது. எவ்வளவு நிம்மதியா இருந்தா மீன் கொட்டாவி விடும்!" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் பார்த்தாள். திரும்பி அடுக்களைக்குப் போனாள். குச்சி பெரும்பாலும் பாறைக்குப் பின்னாலேயே இருந்தது. வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்.

இந்த மனுஷனுக்கு அமைதி மேல் ஏன் இவ்வளவு வெறி என்று கேட்டால், அவர் வளர்ந்த வீட்டைச் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா தட்டை வீசுகிற மனிதர். சாப்பாட்டு நேரம் வந்தால் குழந்தைகள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். தன் வீட்டில் குரல் உயரவே கூடாது என்று அந்தக் கட்டிலுக்கு அடியிலேயே முடிவு செய்துகொண்டவர் அவர். அடித்ததில்லை, திட்டியதில்லை. யாராவது எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் எழுந்து போய்த் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். முகம் சுருங்கிவிடும். இரண்டு நாள், சில சமயம் ஒரு வாரம், பேச்சு கிடையாது. கல்யாணமான முதல் வருஷமே மனைவிக்கு இது பிடிபட்டுவிட்டது. பிறகு அந்த வீட்டில் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை.

வந்தது மகளால்தான். அவளுக்குத் தாத்தாவின் தொண்டை. மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள், இருபத்தெட்டு வயது. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சாப்பாட்டு வேளையில், "அம்மாவை ஒரு வாக்கியம் முழுசா பேச விட்டிருக்கீங்களாப்பா, என்னைக்காவது?" என்று கத்தினாள். டம்ளர் அதிர்கிற மாதிரிக் கத்தல். அவர் கையைக் கழுவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "கத்தறவங்களுக்கு இந்த வீட்ல இடமில்ல." அடுத்த வாரமே அவள் இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு மாடி அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போன மாதம் அவள் அந்த மாடிப்படியில் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். முழங்கால் வரை மாவுக்கட்டு. மனைவி சொன்னாள்: "இங்க கூட்டிட்டு வந்துரலாம்ங்க. அவ ரூம் சும்மாதானே கிடக்கு."

"அவ வந்தா நிம்மதி போயிடும்" என்றார் அவர்.

மனைவி உள்ளே போனாள். ஒரு பையில் நாலு புடவையை வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "அந்தக் குச்சிக்கு மட்டும் தனியா..." என்று ஆரம்பித்தாள்.

"நான் பாத்துக்கறேன். பன்னெண்டு வருஷமா நான்தானே பாக்கறேன்."

அவள் மகளிடம் போய்விட்டாள். எப்போது வருவாள் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் ஓடியது. தினமும் காலையில் டிப்போவுக்குக் கிளம்பும் முன் உறைய வைத்த இறால் குஞ்சுத் துண்டைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றுவார். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி மேலே வந்து கொத்தும். ஊதா நடுவில் பாயும். எல்லாம் எப்போதும் போல. மனைவி இல்லாத வீடு கொஞ்சம் அதிகமாகவே அமைதியாக இருந்தது. அது அவருக்குப் பிடித்திருந்ததா என்றால், இல்லை. ஆனால் அதை ஒப்புக்கொள்கிற ஆள் அவர் இல்லை.

ஒரு விடுமுறை நாள், முற்பகல். வழக்கமாக அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருப்பதில்லை, விடுமுறையிலும் கடைவீதிக்குப் போய்விடுவார். அன்றைக்கு எழுந்து வெளியே போக மனசில்லாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். பதினோரு மணிக்குக் குச்சி பாறைக்குப் பின்னாலிருந்து வந்து இடது மூலைக் கண்ணாடியை ஒட்டி நின்றது. தானாக, யாரும் கூப்பிடாமல். பார்த்தவருக்குச் சுருக்கென்றது. வயிறு ஒட்டி, தலை மட்டும் பெரிதாக, காகிதம் போல இருந்தது அது. எதற்கோ காத்திருக்கிற மாதிரி மேலே மேலே பார்த்தது.

ஊதா பொந்திலிருந்து வெளியே வந்து வாயை அகலமாகத் திறந்தது. அவ்வளவுதான், குச்சி பாறைக்குப் பின்னால் போய்விட்டது. கடிக்கவில்லை, துரத்தவில்லை. கொஞ்சம் கழித்துக் குச்சி மறுபடி வந்தது. மறுபடி அந்த வாய். நாலு தடவை பார்த்தார். போனை எடுத்தார்.

"என்னங்க?" என்றாள் மனைவி.

"குச்சி சாப்பிடறதே இல்ல போல. எலும்பா நிக்குது."

"பதினோரு மணிக்கு இடது மூலைக்கு வந்திருக்குமே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே குடுப்பேன். வலது பக்கம் கொஞ்சம் போட்டா ஊதா அங்க ஓடும். அந்த நேரத்துல இந்த மூலையில மருந்து ட்ராப்பரால இறால் கரைசல் ரெண்டு சொட்டு. கரண்டி டிராயர்ல பின்னால இருக்கு பாருங்க. காலையில நீங்க போடறது அதுக்குப் போய்ச் சேராது. ஊதா விடாது."

"ஊதா அதை ஒண்ணுமே பண்றதில்லையே. கொட்டாவி..."

"அது கொட்டாவி இல்லங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "கடிக்கணும்னு அவசியமில்ல. வாயைத் திறந்து காட்டினா போதும், அது புரிஞ்சுக்கும்."

"எவ்வளவு நாளா இப்படி?"

"வாங்கின ரெண்டாவது வாரத்திலேர்ந்து."

"ஒன்றரை வருஷமா! ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உங்க முகம் சுருங்கிப் போகும். என் தொட்டியில சண்டையான்னு ரெண்டு நாள் பேச மாட்டீங்க. அதுக்கு ரெண்டு சொட்டு குடுக்கறது சுலபமா இருந்துச்சு."

குக்கர் சத்தம் கேட்டு அவள் போனை வைத்தாள்.

டிராயரில் கரண்டிகளுக்குப் பின்னால் ட்ராப்பர் இருந்தது. ரப்பர் கொண்டை அமுக்கி அமுக்கிப் பளபளத்துப் போயிருந்தது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் லீவு போட்டார். டிப்போவில் நம்பவே இல்லை. வலது பக்கம் போட்டுவிட்டு இடது பக்கம் ஓடினார், ஆனால் அவர் நிழலைக் கண்டே குச்சி பதுங்கியது. அவசரத்தில் இறால் துணுக்கு நடுவில் சிதற, ஊதா வந்து எல்லாவற்றையும் தின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு பொந்துப் பாறையையே வெளியே தூக்கிவிடலாமா என்று பார்த்தார். கலக்கினால் குச்சி பயத்திலேயே செத்துவிடும் என்று விட்டுவிட்டார். மூன்றாம் நாள் காலை பாறைக்குப் பின்னால் அது பக்கவாட்டில் கிடந்தது. உடம்பில் ஒரு காயமும் இல்லை.

அவர் அழுதார். மீனுக்காக என்றால் பாதிப் பொய்.

அன்றைக்கே பஸ் ஏறினார். இவர் சார்ட் போட்ட வண்டிதான், டிரைவர் சிரித்துக் கும்பிட்டதைக்கூட கவனிக்கவில்லை. மாடிப்படி நிஜமாகவே செங்குத்தாக இருந்தது, ஒரு பக்கம் பிடிமானக் கம்பியும் இல்லை. இதில்தான் விழுந்திருக்கிறாள், எட்டு மாதமாக இதில்தான் ஏறி இறங்கியிருக்கிறாள்.

ஒற்றை அறை. மகள் கட்டிலில் காலை நீட்டியிருந்தாள். மனைவி கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நாற்காலி ஒன்றுதான், அதில் உட்கார்ந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல், "குச்சி செத்துப் போச்சு" என்றார்.

மகள் அவரையே பார்த்தாள். "மீன் செத்ததுக்கா வந்தீங்க?"

"ஆமா" என்றார். பொய் சொல்லத் தெரியவில்லை.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். எட்டு மாசம் ஒரு போன் இல்லை, கால் ஒடிந்தது தெரிந்தும் வரவில்லை, அம்மா பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாள், மீனுக்கு இருக்கிற இடம் பெத்த பெண்ணுக்கு இல்லையா என்று ஒன்று விடாமல் கேட்டாள். கீழ்வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துக் கேட்கிற அளவுக்குக் கேட்டாள். அவருக்குக் காது அடைத்தது. கால்கள் தாமாகவே எழுந்திருக்கப் பார்த்தன. நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். அவள் மூச்சு வாங்குகிற வரை உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுக்கு வந்துரும்மா" என்றார் பிறகு.

"வந்தா அங்கேயும் கத்துவேன்."

"கத்து."

மகள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். அவள் இவ்வளவு நேரமும் தலை நிமிராமல் மடித்துக்கொண்டே இருந்தாள். முப்பத்தோரு வருஷத்தில் அவர் அவளிடம் கேட்காத ஒன்றைக் கேட்டார். "உனக்கு எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"இல்லங்க" என்றாள். பழக்கத்தில் வந்த பதில். ஒரு பாவாடையை மடித்தாள், ஒரு துண்டை மடித்தாள். பிறகு கை நின்றது. மடித்த துணியை எல்லாம் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, அவருக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"எதுலேர்ந்து ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டாள்.