இஸ்மாயில் பாயின் டெஸ்டிங் பாட்டு

இஸ்மாயில் பாய் இறந்துவிட்டார். ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலி வந்திருக்கிறது. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. மரக்காணத்தில் இது தெரியாதவர் யாருமில்லை. நம் வணிகர் சங்க மலரில் எழுதச் சொன்னதால் முதலில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

எனக்குச் செய்தி வந்தபோது உப்பளத்து மேட்டில் லாரிக்கு லோடு ஏறிக்கொண்டிருந்தது. நான் ஊறுகாய்க் கம்பெனி ஏஜெண்டோடு செல்போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவன் ஒரு விலை சொல்ல, நான் ஒரு விலை சொல்ல, இழுபறியாக இருந்தது. லாரி டிரைவர் கிட்டே வந்து, "மொதலாளி, மைக்செட் பாய் போயிட்டாராம்" என்றான். நான் போனில், "சரி, உன் வெலைக்கே எடுத்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். என் வியாபாரத்தில் அப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதே இல்லை. பாய் கேட்டிருந்தால், "நான் மவுத்தாப் போனதுல எவனுக்கோ லாபம் பாத்துக் குடுத்துட்டியேயா" என்று கேலி செய்திருப்பார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தோம். பந்தல் போடுகிற ஆறுமுகம் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "டெஸ்டிங் பண்ணாம பாய் ஒரு எடத்துக்குப் போனது இதான் மொத தடவ." பள்ளிவாசல் வாசல் என்றும் பார்க்காமல் நாங்கள் சிரித்துவிட்டோம். பாயின் மகன் பஷீரும் சிரித்தான். அதனால் யாருக்கும் சங்கடமில்லை.

குழாய் ஸ்பீக்கர் கட்டியதும் சரிபார்க்க பாய் போடுகிற அந்த டெஸ்டிங் பாட்டு எங்கிருந்து வந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. அப்போது கூட இருந்தவன் நான்தான்.

2004 ஆரம்பத்தில், குயிலாப்பாளையத்தில் குடியிருந்த ஒரு அமெரிக்கக்காரர் ஊரோடு போய்விடப் போகிறார், வீட்டுச் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டு இருவரும் வண்டியில் போனோம். பாய்க்கு ஆம்ப்ளிபயர் வேண்டும். எனக்கு ஒன்றும் வேண்டாம். ஆனால் மலிவாக விற்கிற இடத்துக்குப் போகாமல் இருக்க என்னால் முடியாது. ஆம்ப்ளிபயர் வேலை செய்கிறது என்று காட்டுவதற்காக அந்த மனிதர் கைக்குக் கிடைத்த ஒரு ரெக்கார்டை எடுத்துப் போட்டார். நம் புல்புல்தாராவுக்கு வெறி பிடித்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு கம்பி வாத்தியம் கிளம்பியது. பாய் ஆம்ப்ளிபயரைப் பார்ப்பதை விட்டுவிட்டு ரெக்கார்டு சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாய், மிசினப் பாரு பாய்."

"இருய்யா, மிசின் எங்க ஓடிடப் போவுது?"

வெள்ளைக்காரர் உடைந்த தமிழில் சமாளித்துப் பேசுவார். "இந்த ரெக்கார்டு எங்க ஊர்ல யாரும் வாங்கலே. கன்ட்ரி ஆளு இது ராக் சொல்றான். ராக் ஆளு இது கன்ட்ரி சொல்றான். புளூகிராஸ் ஆளு, இதுல எதுக்கு டிரம்ஸ், கோவம் பண்றான்" என்றார். கன்ட்ரி என்பது அங்கத்துக் கிராமத்துப் பாட்டு, புளூகிராஸ் என்பது மலைப்பக்கத்து ஆட்கள் கம்பி வாத்தியங்களில் பேய் வேகத்தில் வாசிப்பது, ராக் நமக்கே தெரியும் என்று அவரே விளக்கமும் சொன்னார். இந்தப் பாட்டுக்காரர்கள் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டியிருக்கிறார்கள். கிண்டியவர்களுக்கு அதனால் பேரும் வரவில்லை, காசும் வரவில்லை.

"எவனும் வாங்கலயா? அப்ப நான் வாங்கிக்கிறேன்" என்றார் பாய். ஆம்ப்ளிபயரை அங்கேயே விட்டுவிட்டு, ரெக்கார்டையும் அது சுற்றுகிற மிசினையும் வாங்கிக்கொண்டு வந்தோம். அட்டையில் தாடி வைத்த ஐந்து பேர் ஒரு பழைய லாரியில் சாய்ந்து நிற்பார்கள். ஒருவன் காலில் செருப்பு இல்லை. "பாரு, நம்ம உப்பளத்து ஆளு ஒருத்தன் அங்கயும் இருக்கான்" என்பார் பாய்.

கீறல் விழக்கூடாது என்று அதைக் கேசட்டில் ஏற்றிக்கொண்டார். அப்புறம் எந்தக் கல்யாணம், எந்தக் காதுகுத்து, எந்தக் கட்சிக் கூட்டம் என்றாலும் குழாய் கட்டி முடித்ததும் முதலில் அந்தக் கேசட்தான். ஏன் என்று கேட்டேன். "உச்சத்துல கம்பி, அடியில டிரம்ஸ், நடுவுல பிடிலு, மூணு ஆம்பள கொரலு. ஒரே பாட்டுல எல்லாம் இருக்குது. எந்தக் கொழாய்ல யூனிட் கிழிஞ்சிருக்குதுன்னு ஒரு நிமிசத்துல தெரிஞ்சிடும். இது சுத்தமா வந்தா மந்திரி பேசினா என்ன, மாப்பிள பேசினா என்ன?" என்றார். தொழிலுக்குச் சொன்ன காரணம் அது. ஆசை வேறு என்று எனக்குத் தெரியும்.

முதல் பாட்டுக்கு ஊரே 'தேனீப் பாட்டு' என்று பேர் வைத்துவிட்டது. அது முழுசாக ஓடிவிடும். இரண்டாவது பாட்டு மெதுவாக ஆரம்பிக்கும். பிடில் மட்டும் தனியாக இழுக்கும், ஒருவன் முணுமுணுப்பது போலப் பாடுவான். சரியாக அந்த இடத்தில் யாராவது ஒருவர் வந்து நின்றுவிடுவார்.

"பாய், கல்யாணமா கவ்பாய் படமா? சாமி பாட்டு போடுய்யா!"

"ஏம்பா பாய், தேனீ போயிடுச்சி இல்ல, நிறுத்து."

பாய் பட்டென்று நிறுத்திவிடுவார். முகம் சுளிக்க மாட்டார். வாடகை கொடுக்கிறவன் சொன்னால் அதுதான் சட்டம். ஆனால் திரும்பும்போது வண்டியில் என்னிடம் பொருமுவார். "மொதப் பாட்டக் கேட்டுட்டுப் போறவன், பந்தியில ஸ்வீட்ட மட்டும் நக்கிட்டு எந்திரிக்கறவன்யா."

நான் முழுசாகக் கேட்டது அந்த வருட ஐப்பசி மழையில். அளத்தில் தண்ணீர் நின்றுவிட்டால் உப்பு வியாபாரிக்கு வேலை இல்லை. பாய் கடையில் போய் உட்கார்ந்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ரெக்கார்டைப் போட்டார். இரண்டாவது பாட்டில் அந்தப் பிடில் இழுத்துக்கொண்டே போனது, போனது, நான் கொட்டாவி விடலாம் என்று நினைத்தபோது டிரம்ஸ் விழுந்தது. மூட்டை மேலேயிருந்து சரிந்து விழுகிற மாதிரி விழுந்தது. அதோடு எல்லா வாத்தியமும் கிளம்பிவிட்டன. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பாய் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "வந்துச்சா?" என்றார்.

வந்தது. இவ்வளவு நாளாக ஊரே அந்த டிரம்ஸுக்கு ஒரு வாய்க்கு முன்னால் எழுந்து போய்க்கொண்டிருந்தது!

அதற்கப்புறம் எத்தனை வாட்டி கேட்டிருப்பேன், தெரியாது. பாட்டைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. சரக்கைப் பற்றி எழுத உண்டு. படுக்கவைத்து வாசிக்கிற கித்தார் ஒன்று இருக்கிறது, அது மனுஷன் அழுகிற மாதிரியே அழும், ஆனால் அசிங்கமாக அழாது. வாத்தியமே இல்லாமல் மூன்று பேர் பாடுகிற பாட்டு ஒன்று மறுபக்கத்தில் வருகிறது. மூன்று குரலுக்கும் நடுவில் ஒரு தாள் நுழையாது. கூட்ஸ் ரயில் போகிற மாதிரி ஒரு பாட்டு, அதில் கரண்ட் கித்தாரும் அந்தப் பேய்பிடித்த கம்பியும் போட்டி போடும். ஒன்று மற்றதை மிதிக்காது. கடைசிப் பாட்டு முடிந்ததும் வாசித்தவர்களில் ஒருவன் சிரிப்பது கேட்கும். யாரும் அதை வெட்டி எடுக்கவில்லை. பாய்க்கு ரெக்கார்டிலேயே அந்தச் சிரிப்புதான் பிடிக்கும். "வேலைய முடிச்சிட்டு சிரிக்கறான் பாரு, அவன் கூட நம்பிக் கூட்டு சேரலாம்" என்பார்.

ஏன் இது விற்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. வெள்ளை உப்பு சாப்பாட்டுக்குப் போகும், பழுப்பு உப்பு கருவாட்டுக்குப் போகும். நடுவில் ஒரு உப்பு விளையும். நிறம் கொஞ்சம் மட்டு, பரல் கெட்டி, ருசி சுத்தம். மளிகைக்காரன் நிறத்தைப் பார்த்துத் தள்ளுவான், கருவாட்டுக்காரன் விலையைப் பார்த்துத் தள்ளுவான். அதை ஊறுகாய்க்காரனிடம் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் நான் ஆளானேன். சரக்கில் குறையில்லை, நிற்கத் தெரு இல்லை, அவ்வளவுதான். இதை பாயிடம் சொன்னேன். "அப்ப நான்தான் இவங்களுக்கு ஊறுகாய்க்காரன்" என்று தொடையைத் தட்டிக்கொண்டார். அன்றைக்குத்தான் மனசைத் திறந்து சொன்னார்: "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, இத கொழாய்ல போட்டு, திறந்த வெளியில, ஜனம் உக்காந்து ரெண்டு பக்கமும் கேக்கணும்யா. கடைக்குள்ள கேக்கற பாட்டு இல்ல இது. காத்துல கேக்கணும்."

அந்த டிசம்பரில் சுனாமி வந்தது. அதை நான் சொல்ல வேண்டியதில்லை. எக்கியார்குப்பத்தில் சோறு, துணி, டாக்டர் என்று அறிவிக்க பாய் மைக்செட்டைக் கொண்டுபோய் வைத்தார், வாடகை என்ற பேச்சே இல்லை. பாட்டு போட மனசு வராமல், "அலோ, அலோ" என்று மட்டும் டெஸ்டிங் செய்தார். மீன் விற்கிற செல்லம்மா என்ற பெண் நேராக வந்து நின்றாள். "இன்னா பாய், தேனீ எங்க?"

"இந்த நேரத்துல எப்படிம்மா?"

"இந்த நேரத்துலதான் போடணும். அது கேட்டா அடுத்தது கல்யாணமோ திருவிழாவோ வரும்னு புள்ளைங்களுக்குத் தெரியும். போடு."

பாய் போட்டார். குழந்தைகள் கூடாரங்களிலிருந்து ஓடிவந்தார்கள். பிடில் இழுக்கிற இடம் வந்ததும் பாயே நிறுத்திவிட்டார். "மிச்சத்த உங்க ஊரு கல்யாணத்துல போடறேன்" என்றார். அடுத்த வருடம் அங்கே கல்யாணமும் நடந்தது, பாய்தான் மைக்செட். அங்கேயும் டிரம்ஸ் விழுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் மாமா வந்து நிறுத்தச் சொல்லிவிட்டார். செல்லம்மா அந்த மாமாவைத் திட்டிய திட்டை மலரில் அச்சடிக்க முடியாது.

இந்த வருடம் வைகாசியில் என் மகளுக்குத் தை மாதக் கல்யாணம் என்று நிச்சயமானது. பாயிடம் போனேன்.

"பாண்டியில ஒருத்தன் பெரிய பாக்ஸ் வச்சிருக்கான் பாய், கம்மியா கேக்கறான்" என்று ஆரம்பித்தேன்.

"வைய்யி. உன் சம்பந்திக்கு காது போயிடும். அப்புறம் நீ பேசறது அவருக்குக் கேக்காது, நிம்மதியா இருப்பாரு."

"சரி, நீ எவ்ளோ குறைப்ப?"

"ஒரு பைசா குறைக்க மாட்டேன். அதோட ரெக்கார்டு ரெண்டு பக்கமும் ஓடணும், வரவேற்புல, ஜனம் உக்காந்தப்புறம்."

சம்பந்தி விழுப்புரத்துக்காரர், பெரிய மனிதர். நாதஸ்வரத்துக்குப் பதில் கவ்பாய் பாட்டா என்று கேட்டால் நான் எங்கே போவேன்? காலையில் பந்தல் கட்டும்போது முழுசாகப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். "ஆறுமுகம் தெனமும் கேக்கறான்யா, அவனுக்கு எதுக்கு?" என்றார். இழுத்து இழுத்துக் கடைசியில் ஒரு பக்கம் என்று முடித்தோம். பாய் டீயை உறிஞ்சிக்கொண்டே, "பாதி ஆசை தீந்துடும்" என்றார். நான் ஜெயித்துவிட்டதாக வீட்டுக்கு வந்தேன். அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். அந்த ஒரு பக்கத்தையும் காற்றில் கேட்காமல் போய்விடுவார் என்று யார் கண்டது?

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்தபின் நானும் என் மனைவியும் அவர் வீட்டுக்குப் போனோம். பாயின் மனைவி ஜமீலா அக்கா, கணவர் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் இருக்கிற இத்தாவில் இருப்பதால் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தார். என் மனைவி உள்ளே போனாள். நான் பஷீரோடு கூடத்தில் உட்கார்ந்தேன். மைக்செட்டை இனி அவன்தான் நடத்தப் போகிறான். கல்யாண விஷயத்தை மெல்ல எடுத்தேன். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவரு சொன்னாரு தம்பி. ஒரு பக்கம்னு முடிச்சீங்களாமே."

"ஆமாங்க்கா. அந்த ஒரு பக்கத்த கட்டாயம் போட்டுடலாம்."

"அது அவரு பேசினது. இப்ப நான் பேசறேன். ரெண்டு பக்கம்."

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். அப்போதும் எதிராளியின் முகம் தெரியும். என் வியாபாரமே முகத்தைப் படிக்கிற வியாபாரம். திரையைப் பார்த்து நான் என்னத்தைப் படிப்பது?

"சம்பந்தி ஏதாவது நினைச்சிக்குவாருக்கா..."

"சுனாமி வந்த ஊரு நினைச்சிக்கல. விழுப்புரத்துக்காரரு நினைச்சிக்குவாரா?"

உள்ளே என் மனைவி சிரிப்பது கேட்டது. கூட இருக்கிறவளே கட்சி மாறிவிட்டாள் என்று தெரிந்தது.

"தைக்குள்ள என் இத்தா முடிஞ்சிடும் தம்பி. நானும் வந்து உக்காருவேன். வீட்டுல அரைகுறையா காதுல விழுந்ததுதான். காத்துல நானும் கேட்டதில்ல."

"சரிக்கா, ரெண்டு பக்கமும்தான்" என்று ஒத்துக்கொண்டேன்.

பாயிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு கேசட், அது என் வண்டியில் ஓடுகிறது. அது போக, ஒரு பழக்கம்: இப்போதெல்லாம் பிடில் இழுக்கிற இடத்தில் நான் எழுந்து போவதில்லை, எதிலும். ஏஜெண்ட் பேசினாலும் முழுசாகப் பேசட்டும் என்று விட்டுவிடுகிறேன். டிரம்ஸ் எங்கே விழும் என்று காத்திருந்தால் பேரமும் நன்றாகத்தான் படிகிறது. பாயைத் தெரிந்த எல்லோரும், முக்கியமாக "நிறுத்துய்யா" என்று கத்திய எல்லோரும், என் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்துவிட வேண்டும்.

ஜமீலா அக்காவோடு பேசி முடித்தது இது: வாடகை வழக்கமான வாடகை, குறைப்பு இல்லை. அட்வான்ஸ் இல்லை. கேசட் கிடையாது, அசல் ரெக்கார்டுதான். வரவேற்பு அன்று மாலை, ஜனம் உட்கார்ந்தபின், இரண்டு பக்கமும் ஓடும். ரெக்கார்டைத் திருப்பிப் போடுகிற நேரத்தில் எல்லோருக்கும் டீ, என் செலவு. கடைசிப் பாட்டு முடிந்து அந்த ஆள் சிரிக்கிற வரைக்கும் மைக்கை யாரும் தொடக்கூடாது, சம்பந்தி உட்பட.