பத்தில் ஒருவருக்குத்தான்

செபாஸ்தியம்மாள் கறாரான பொம்பளை. அதனால்தான் திண்டுக்கல்லில் ஒரு டாக்டர் அவளை வேலைக்கு வைத்தார். பக்கவாதம் வந்து தேறியவர்களில் எத்தனை பேருக்கு மறதி நோய் வருகிறது என்று 2004-இல் அவர் ஆய்வு நடத்தினார். பேச்சு வராதவர், தானாக நடந்து வர முடியாதவர், முன்பே மறதி உள்ளவர் வேண்டாம் என்பது நிபந்தனை. அப்படி வந்தவர்களை அவள் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.

பத்தில் ஒருவருக்குத்தான் மறதி என்று முடிவு வந்தது. அதைக் கேட்டதும் அவளுக்குப் போன உயிர் திரும்பியது. அவள் கணவர் சூசைராஜுக்கும் அந்த வருஷம் பக்கவாதம் வந்திருந்தது. கைகால் தேறிவிட்டது. ஆனால் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அப்படியே போய்விடுகிறார். மற்ற ஒன்பது பேரில் அவரும் ஒருவர் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். "வேணும்னே பண்றீக" என்று ஏசினாள். அவரைத் தனியே விட்டுப் போகலாமா என்று தினமும் குடைந்துகொண்டிருந்த கேள்விக்கு அந்த முடிவையே பதிலாக வைத்துக்கொண்டு, டாக்டரின் அடுத்த சுற்று ஆய்வுக்கு ஆள் தேடிக் கிளம்பினாள்.

வடமதுரையில் வெயில் தாங்காமல் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டாள். முத்துப்பேச்சி என்ற பெண் செம்பை நீட்டினாள். உள்ளறைக் கதவு வெளியே தாழிட்டிருந்தது. யாரோ உள்ளேயிருந்து தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

"எங்க வீட்டுக்காரருதான். தொறந்தா எந்த பஸ்ஸுலயாவது ஏறிப் போயிருவாரு. பேச்சு வரலைன்னு வாசல்லயே திருப்பி விட்டியே தாயி, அவருதான்."

செபாஸ்தியம்மாள் அந்தத் தாழைப் பார்த்தாள். இவரைப்போல எத்தனை பேர்? மறதி முற்றிப்போனவர்களை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே இருப்பவர்களை எண்ணினால் பத்தில் ஒருவர்தான் வருவார். இது அவளுக்குத் தெரியாததா? நம்பினால் நிம்மதியாக இருந்தது, நம்பினாள்.

"வாரேன்க்கா" என்று தண்ணீரைக் குடிக்காமலே செம்பை வைத்துவிட்டு ஓடினாள். பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. பாவி டிரைவர் கை காட்டிய இடத்திலெல்லாம் நிறுத்தினான்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. நல்லவேளை, சூசைராஜ் உள்ளேதான் இருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க போன இம்புட்டு நேரம்? ஞாயித்துக்கெழம பூசைக்கு மணி அடிச்சாச்சு, கெளம்பு."

அன்று புதன்கிழமை, மத்தியானம். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"ஏன் அழுவுற?" என்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "இப்பப் போனாலும் பாதிப் பூசையாவது பாக்கலாம்."