மூன்று நாள் முன்னால் கிள்ளிய இலை

சோ லாக் ஊர்க்காரி தியெப்புக்கு வயது ஐம்பத்து நான்கு. அவள் இடுப்பைக் கேட்டால் எழுபது என்று சொல்லும். ஊராரின் மாய் பூமரங்களை வளர்த்துக் கொடுப்பதுதான் இருபத்தாறு வருடமாக அவள் பிழைப்பு. தெட் புத்தாண்டு முடிந்து பூ உதிர்ந்ததும், வசதிக்காரர்கள் தொட்டியோடு மரத்தைக் கொண்டுவந்து அவள் தோட்டத்தில் இறக்கிவிட்டுப் போவார்கள். தண்ணீர், உரம், புழு எல்லாம் வருடம் முழுக்க இவள் பாடு. அடுத்த தெட் நெருங்கும்போது வந்து, மொட்டு நிறைந்த மரத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். புத்தாண்டு முதல் நாள் காலையில் அது அவர்கள் வாசலில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்க வேண்டும். முந்தினாலும் வம்பு, பிந்தினாலும் வம்பு. அப்புறம் அந்த வீட்டில் வியாபாரம் படுத்தாலும் சரி, புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தாலும் சரி, தியெப்பின் தலைதான் உருளும்.

தங்கை லியூ மலைமேல், தாலாத்தில், கிளாடியோலஸ் பயிரிடுகிறாள். அந்தப் பூவையும் தெட்டுக்குத்தான் சனம் கேட்கும். ஆகவே ஊரே உட்கார்ந்து சாப்பிடும் நாளில் அக்கா ஒரு மூலையிலும் தங்கை ஒரு மூலையிலும் செத்த பாம்பாகக் கிடப்பார்கள். சேர்ந்து புத்தாண்டுச் சாப்பாடு சாப்பிட்டுப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அம்மா அப்பா இல்லை. தியெப்பின் புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டான். மிஞ்சியது இவர்கள் இருவர்தான். பார்த்துக்கொள்வதெல்லாம் கைபேசியில், "முதல் மொட்டு" என்ற தோட்டக்காரர் குழுவில். அதில் ஹனோயில் பீச் மரம் வைத்திருப்பவர் உண்டு, ஹுவேயில் ஆர்க்கிட் வளர்ப்பவர் உண்டு, கனடாவில் பனிக்கு நடுவே ஜன்னலோரம் ஒரே ஒரு தொட்டி வைத்துக்கொண்டு பெருமூச்சு விடும் ஓர் அம்மாளும் உண்டு. அவரவர் சீமையில் முதலில் பூத்ததைப் படம் போடுவார்கள். மற்றவர்கள் இதயம் போடுவார்கள்.

இந்த வருடம் என்ன ஆனாலும் சேர்ந்து சாப்பிடுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். தெட்டுக்கு முந்தைய பன்னிரண்டாம் சந்திர மாதத்தில், இருபத்தேழாம் தேதிக்குள் வெட்டி முடிக்கும்படி லியூ பயிரை முன்னாலேயே போட்டாள். தியெப் இருபத்தெட்டாம் தேதி பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்துவிட்டாள்.

அந்தச் சீட்டுதான் வினை.

மாய் மரம் தானாகப் பூக்கும் வரை எங்கள் ஊரில் யாரும் காத்திருப்பதில்லை. பன்னிரண்டாம் மாதம் பதினைந்தாம் தேதிப் பௌர்ணமியை ஒட்டி, இலையை ஒவ்வொன்றாகக் கையால் கிள்ளி மரத்தை மொட்டையடிக்க வேண்டும். இலை போனால்தான் மொட்டு விழித்துக்கொள்ளும். அதற்குமுன் மொட்டைப் பார்க்க வேண்டும். சிறிதாக இருந்தால் முன்னால் கிள்ளலாம், பருத்திருந்தால் பொறுக்க வேண்டும். இந்த வருடம் வெயில் அதிகம், மொட்டுகள் பருத்திருந்தன; பதினைந்துக்கு முன்னால் கை வைக்கக் கூடாது. தியெப்புக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் பதினொரு மரங்களில் பெரியதான, த்வாய் என்பவரின் மரத்தைப் பன்னிரண்டாம் தேதியே கிள்ளினாள். அந்த ஒரு மரத்துக்கே முழு நாள் ஆகும். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. அதை முடித்துவிட்டால் மற்றதெல்லாம் நேரத்துக்கு முடியும், பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். சோர்ந்த உடம்பு போடும் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

மொட்டின் மேல்தோல் இருபத்துமூன்றாம் தேதி வெடித்தால் பூ சரியாக முதல் நாள் விரியும். த்வாயின் மரத்தில் பதினெட்டாம் தேதியே வெடித்துவிட்டது. தியெப் அதைப் படமெடுத்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் குழுவில் போட்டாள். இதயங்கள் குவிந்தன. "என்ன பாக்கியம், அதுக்குள்ள மொட்டு வெடிச்சிருச்சே" என்று கனடா அம்மாள் எழுதினாள். தியெப் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை.

லியூ மட்டும் கூப்பிட்டாள்.

"அக்கா, இன்னிக்கு என்ன தேதின்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். நிழல்வலை கட்டிட்டேன், வேர்ல ஐஸ் தண்ணியும் ஊத்திட்டேன். நிக்காதுடி. இருபத்தஞ்சுக்கே பூத்துடும்."

"இங்க ராத்திரி ரெண்டு போர்வை போட்டாலும் குளிருது. எங்க முட்டைக்கோஸ் லாரி அங்க இறக்கிட்டுக் காலியாத்தான் திரும்புது. மரத்தை ஏத்தி விடு. ஒரு வாரம் இங்க தூங்கட்டும்."

"அடுத்தவங்க மரத்தை மலைக்கா அனுப்பச் சொல்ற?"

"பூத்தப்புறம் அது யாருக்கும் மரமில்ல."

மறுநாள் தியெப் த்வாயின் வீட்டுக்குப் போய், மொட்டு முந்திவிட்டதைச் சொன்னாள். த்வாய் அரிசி மில் வைத்திருப்பவர். பன்னிரண்டு வருடமாக வேறு யாரிடமும் மரத்தைக் கொடுத்ததில்லை.

"வெயில் ஜாஸ்திதான் தங்கச்சி. அதுக்கு நீ என்ன பண்ணுவ?" என்று அவரே வழிவிட்டார்.

அதைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கலாம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். தியெப்புக்குப் பொய்யைச் சுமக்கவும் தெம்பில்லை.

"வெயில் இல்லண்ணே. நான்தான் மூணு நாள் முன்னால கிள்ளிட்டேன். தங்கச்சி வீட்டுக்குப் போகணும்னு. மலைக் குளிர்ல ஒரு வாரம் வெச்சா மொட்டு நிக்கும்."

த்வாயின் முகம் சுண்டிப்போனது. டீயைத் தள்ளி வைத்தார்.

"வெயில்னு சொல்லியிருந்தா இன்னேரம் மறந்திருப்பேன்."

"தெரியும்ணே."

"மலைக்குக் கொண்டுபோ, கடலுக்குக் கொண்டுபோ, எனக்குத் தெரியாது. இருபத்தொம்பதாம் தேதி என் வாசல்ல நிக்கணும். பூ விரியிற வரைக்கும் நீயும் பக்கத்துல நிக்கணும்."

அவ்வளவுதான். பஸ் சீட்டு வீணானது, தங்கையோடு தெட் சாப்பாடும் போனது. மற்ற மரங்களைப் பக்கத்துத் தோட்டத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு, இருபதாம் தேதி தியெப் லாரியில் மரத்தோடு ஏறினாள். வழிநெடுகக் கிளைகளைக் கையால் அணைத்துக்கொண்டே வந்தாள்.

மலையில் மரம் கொட்டகைக்குள் குளிரில் நின்றது. மொட்டுகள் அசையவில்லை. தியெப் ஓய்வெடுப்பாள் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்குப் பூக்காரர்களைத் தெரியாது. தங்கை வயலில் குனிந்து நிற்கும்போது அக்கா கட்டிலில் படுத்திருப்பாளா? ஏழு நாளும் இருவரும் கிளாடியோலஸ் வெட்டினார்கள், கட்டினார்கள், ஏற்றினார்கள். பேசுவதற்குப் பத்தொன்பது வருடத்துச் சங்கதி இருந்தது. "அந்தக் கயித்தை எடு", "இந்தக் கட்டு சின்னது" என்பதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. இருபத்தாறாம் தேதி சாயங்காலம் லியூ பன்றிக்கறியும் முட்டையும் இளநீர் விட்டுக் கொதிக்கவைத்தாள், தெட்டுக்கு அம்மா வைப்பதுபோல.

"நாலு நாள் முன்னாடியே சாப்பிட்டா சாமி கோவிச்சுக்குமா?" என்றாள் தியெப்.

"சாமிக்கு அப்புறம் தனியா வைக்கலாம். நீ சாப்பிடு."

பாதிச் சாப்பாட்டில் லியூ சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் கையிலிருந்த கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு, தியெப்பும் பக்கத்திலேயே படுத்தாள். அம்மா இருந்த காலத்துக்குப் பிறகு இருவரும் ஒரே போர்வைக்குள் தூங்கியது அன்றுதான்.

இருபத்தெட்டாம் தேதி விடியும்போது லாரி வந்தது. மரத்தைக் கோணியால் சுற்றி ஏற்றினார்கள். அடிவாரத்து வெக்கை பட்டால் மொட்டு எழுந்துகொள்ளும். இரண்டு நாள் வெந்நீரும் வெயிலும் காட்டினால் முதல் நாள் விரியும். அது தியெப்புக்குக் கைவந்த வேலை, இனிப் பயமில்லை. ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வெட்டுக்காயமும் காய்ப்புமான கையால் லியூ லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அடுத்த வருஷமும் ஒரு மரத்தை மூணு நாள் முன்னாடியே கிள்ளிடு."

தியெப் சிரிப்பாள் என்று பார்த்தால், சிரிக்கவில்லை. எந்த மரத்தை என்று யோசித்தாள்.